கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களில் மாணவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவில் கல்விக் கட்டணம் உயரும்போதெல்லாம், அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்கள் கேட்பது இதுதான்: “போர்டுல ஒரு ஸ்டூடன்ட்டும் இருக்காராமே, அவரால ஒண்ணும் பண்ண முடியலையா?” நியாயமான கேள்வி. ஆனால் எந்தப் போர்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அந்த மாநிலத்தில் அரசு உயர்கல்வி அமைப்புகள் மூன்று. மூன்றின் ஆட்சிக்குழுவிலும் மாணவருக்கு இடம் உண்டு, மூன்றும் மூன்று விதம். மாணவ உறுப்பினருக்கு முழு வாக்கு இருக்கும் இடத்தில் அவரை மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாணவர்களே தேர்தல் வைத்து அனுப்பும் இடத்தில் அவருடைய வாக்கு கணக்கில் சேர்வதில்லை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த முரணைச் சுற்றியே வருகின்றன.

எந்த மூன்று அமைப்புகள்?

முதலாவது, கலிபோர்னியா பல்கலைக்கழகம். எல்லோரும் யூசி என்றே சொல்கிறார்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, டேவிஸ், அர்வைன் உட்பட 10 வளாகங்கள். இதன் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு ரீஜென்ட் என்று பெயர். இரண்டாவது, கால் ஸ்டேட் எனப்படும் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு. சான் ஹொசே, ஃப்ரெஸ்னோ, லாங் பீச் என இருபதுக்கு மேற்பட்ட வளாகங்கள். இங்கே உறுப்பினர்கள் டிரஸ்டிகள். மூன்றாவது, கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரிகள். 116 கல்லூரிகள், அவற்றை நிர்வகிக்கும் 73 கல்லூரி மாவட்டங்கள், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி ஆட்சிக்குழு. இந்த மூன்றுக்கும் எது யார் வேலை என்று வரையறுத்தது 1960இல் வந்த உயர்கல்விப் பெருந்திட்டம்.

யூசியில் மாணவ ரீஜென்ட் பதவி எப்படி வந்தது?

மக்கள் வாக்களித்து வந்தது. யூசி சாதாரணச் சட்டத்தால் நடப்பதல்ல. மாநில அரசியலமைப்பின் 9ஆம் பிரிவே அதன் ஆளுகையை ரீஜென்ட்டுகளிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆகவே சட்டமன்றம் நினைத்தால்கூட ஒரு புது இருக்கையைச் சேர்த்துவிட முடியாது. அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், அதற்கு மாநில வாக்காளர்கள் சம்மதிக்க வேண்டும்.

1964இல் பெர்க்லியில் பேச்சுரிமைப் போராட்டம் வெடித்ததிலிருந்து வளாகங்கள் கொந்தளித்துக்கொண்டே இருந்தன. 1971இல் அமெரிக்கா முழுவதும் 18 வயதுக்கு வாக்குரிமை வந்தது. நாட்டின் அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்கு உண்டு, படிக்கும் பல்கலைக்கழகத்தை நடத்துவதில் ஒரு சொல்கூட இல்லை என்ற நிலைக்குப் பிறகு நியாயம் சொல்வது கடினமாகிவிட்டது. 1974 நவம்பரில் 4ஆம் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறியது. ரீஜென்ட்டுகளின் பதவிக்காலத்தை 16 ஆண்டுகளிலிருந்து 12 ஆக அது குறைத்தது. ஒரு மாணவரையும் ஓர் ஆசிரியரையும் முழு உரிமையுள்ள உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள ஆட்சிக்குழுவுக்கு அதிகாரம் தந்தது. 1975இல் கேரல் மாக் முதல் மாணவ ரீஜென்ட் ஆனார்.

அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரசியலமைப்பு “நியமிக்க வேண்டும்” என்று சொல்லவில்லை, “விரும்பினால் நியமிக்கலாம்” என்கிறது. 1975இலிருந்து இருக்கை தொடர்கிறது என்றாலும், அது மாணவர்களின் உரிமையாக எழுதப்படவில்லை. ஆட்சிக்குழுவின் விருப்பத்தில்தான் நிற்கிறது.

மொத்தம் எத்தனை ரீஜென்ட்டுகள்?

வாக்குள்ளவர்கள் 26 பேர். ஆளுநர் நியமித்து மாநில செனட் ஒப்புதல் தரும் 18 பேர், பதவி வழியாக வரும் 7 பேர், ஒரு மாணவர். பதவி வழி வருவோரில் ஆளுநரும் துணை ஆளுநரும் சட்டமன்ற சபாநாயகரும் பல்கலைக்கழகத் தலைவரும் உண்டு.

ஆசிரியருக்கும் இடம் தந்தார்களே, அது என்ன ஆயிற்று?

ஆசிரியர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர்களின் அமைப்பான கல்விப் பேரவையின் தலைவரும் துணைத் தலைவரும் வாக்கில்லாமல் மேசையில் அமர்கிறார்கள், பேசுகிறார்கள்.

மாணவ ரீஜென்ட்டை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? தேர்தல் உண்டா?

தேர்தல் கிடையாது. 10 வளாகங்களில் எங்கு படிப்பவரும் விண்ணப்பிக்கலாம்; இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர், சட்டமோ மருத்துவமோ படிப்பவர், யாராக இருந்தாலும் சரி. வளாகங்களின் மாணவர் அமைப்புகள் சேர்ந்து விண்ணப்பங்களைச் சலித்து, நேர்காணல் நடத்தி, கடைசிச் சுற்றுக்குச் சிலரை அனுப்புகின்றன. அதற்குப் பிறகு முடிவு ரீஜென்ட்டுகள் கையில். அவர்களுடைய சிறப்புக் குழு ஒன்று நேர்காணல் செய்து ஒருவரைப் பரிந்துரைக்கும், முழுக்குழு அவரை நியமிக்கும்.

அதாவது, தங்களைக் கேள்வி கேட்கப் போகிறவரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். இதனால் வருகிறவர்கள் தலையாட்டிகள் என்று சொல்ல மாட்டேன். வரலாறு அப்படி இல்லை, உதாரணங்கள் கீழே வருகின்றன. ஆனாலும் ஏற்பாடு சரியல்ல. கடைசிச் சுற்றில் நிற்பவர்களில் யார் அதிகம் கூச்சல் போடுவார், யார் பக்குவமாகப் பேசுவார் என்று எடை போடும் உரிமை, கேள்விக்கு உள்ளாகும் தரப்பிடமே இருக்கிறது. தேர்தல் வைத்தால் பெரிய வளாகங்களே எப்போதும் ஜெயிக்கும், மெர்சட் போன்ற சின்ன வளாகத்திலிருந்து யாரும் வர முடியாது என்று மறுபக்கம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வளாகவாரியாகச் சுழற்சி வைத்தால் அது தீர்ந்துவிடும்.

ஓராண்டுதான் பதவியா? கற்றுக்கொள்வதற்குள் முடிந்துவிடாதா?

அதற்காகத்தான் முன்னோட்டமாக ஓராண்டு. தேர்வானவர் முதல் ஆண்டு “நியமன மாணவ ரீஜென்ட்” என்ற பெயரில் கூட்டங்களில் உட்கார்ந்து பேசுவார், வாக்களிக்க முடியாது. அடுத்த ஜூலை 1 அன்று வாக்கு அவர் கைக்கு வரும். அப்போது அடுத்தவர் முன்னோட்ட இருக்கையில் அமர்ந்திருப்பார். ஆக எந்த நேரத்திலும் மேசையில் மாணவர்கள் இருவர், வாக்கு ஒன்று.

ரீஜென்ட்டுகள் வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். அப்படியானால் வாக்குள்ள ஆண்டில் மாணவருக்குக் கிடைப்பது ஆறு கூட்டங்கள். பக்கத்தில் இருப்பவருக்கோ 12 ஆண்டுகள். நிர்வாகம் ஒரு விஷயத்தை இரண்டு கூட்டம் தள்ளிப் போட்டாலே மாணவரின் பதவிக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். என் பார்வையில் யூசி இருக்கையின் பெரிய பலவீனம் இதுதான், வாக்கு ஒன்றே ஒன்று என்பதைவிடவும் பெரியது.

சம்பளம் உண்டா?

ரீஜென்ட்டுகள் யாருக்கும் இல்லை. மாணவ ரீஜென்ட்டுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் தள்ளுபடி, பயணச் செலவு திரும்பக் கிடைக்கும்.

கால் ஸ்டேட்டில் எப்படி?

டிரஸ்டிகள் 25 பேர். அவர்களில் இருவர் மாணவர்கள். மாநில அளவிலான மாணவர் சங்கம் குறைந்தது இருவர், அதிகபட்சம் ஐவர் பெயர்களைக் கொடுக்கும். அதிலிருந்து ஆளுநர் ஒருவரைப் பொறுக்குவார். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. இங்கேயும் முதல் ஆண்டு வாக்கில்லை, இரண்டாம் ஆண்டில்தான் வாக்கு. இருவரின் காலமும் ஓராண்டு முன்பின்னாக வருவதால், எப்போதும் ஒருவர் வாக்குள்ளவர், ஒருவர் இல்லாதவர்.

யூசியோடு ஒப்பிட்டால் ஒரு விதத்தில் மேல்: சங்கம் கொடுத்த பட்டியலுக்கு வெளியே ஆளுநர் போக முடியாது, தேர்ந்தெடுப்பது ஆட்சிக்குழுவும் அல்ல. ஆனால் 16 டிரஸ்டிகளை எட்டு ஆண்டு காலத்துக்கு நியமிக்கும் அதே ஆளுநர்தான் மாணவரையும் நியமிக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கம்யூனிட்டி காலேஜில் மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிறார்களே?

ஆமாம். மூன்றில் மாணவர்களின் கையில் தேர்வு இருப்பது இங்கே மட்டும்தான். மாவட்ட ஆட்சிக்குழுவில் ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து அல்லது ஏழு டிரஸ்டிகள் இருப்பார்கள். அவர்களோடு குறைந்தது ஒரு மாணவ டிரஸ்டி இருந்தாக வேண்டும் என்பது 1970களின் பிற்பகுதியிலிருந்து மாநிலச் சட்டம். யூசியைப் போல “விரும்பினால்” அல்ல. காலம் ஓராண்டு. குறைந்தது ஐந்து செமஸ்டர் யூனிட்டாவது (பாடச்சுமையை அளக்கும் கணக்கு) படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டம் மாணவ டிரஸ்டிக்கு என்ன தருகிறது என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மற்ற உறுப்பினர்களோடு அதே மேசையில் இடம் தர வேண்டும். மற்றவர்களுக்குப் போகும் கூட்ட ஆவணங்கள் அவருக்கும் போக வேண்டும். கேள்வி கேட்கலாம், விவாதத்தில் கலந்துகொள்ளலாம். கூட்டத்தில் அவரை முழு உறுப்பினராகவே கருத வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு, வாக்கை மட்டும் தரவில்லை.

அதற்கு மேல் சில உரிமைகளை அந்தந்த மாவட்டம் தன் விருப்பப்படி தரலாம்: தீர்மானம் கொண்டுவருவது, வழிமொழிவது, கூட்டத்துக்கு ஊதியம், ஊழியர் விவகாரமும் சம்பளப் பேச்சுவார்த்தையும் அல்லாத மூடிய கூட்டங்களில் கலந்துகொள்வது. எதைத் தருகிறோம் என்று ஒவ்வோர் ஆண்டும் மே 15க்குள் விதி இயற்ற வேண்டும். ஆகவே பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் ஒரு மாணவ டிரஸ்டி தீர்மானம் கொண்டுவருவார், இன்னொருவர் கை கட்டி உட்கார்ந்திருப்பார். உங்கள் கல்லூரி மாணவர் சங்கம் ஏப்ரல் மாதத்தில் தூங்கிவிட்டால் அந்த ஆண்டு போன மாதிரிதான்.

ஆலோசனை வாக்கு என்றால் என்ன?

பல மாவட்டங்களில் மாணவ டிரஸ்டிக்கு இது உண்டு. தீர்மானம் வாக்குக்கு வரும்போது செயலர் பெயர் படிப்பார். முதலில் மாணவ டிரஸ்டி பெயர். அவர் ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ சொல்வார், அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக. கடைசியில் எண்ணும்போது மாணவர் வாக்கு சேராது.

சேராத வாக்கை ஏன் முதலில் கேட்கிறார்கள்? அதில்தான் இதன் பயன். மற்றவர்கள் வாய் திறக்கும் முன் மாணவர்களின் நிலை பதிவாகிவிடுகிறது. அதற்கு எதிராக வாக்களிக்கும் டிரஸ்டி அதைக் கேட்டுக்கொண்டேதான் வாக்களிக்கிறார். அடுத்த தேர்தலில் ஊர் மக்கள் முன் நிற்க வேண்டியவர் அவர். கடைசியில் கேட்கும் மாவட்டத்தில் இருப்பவர்கள் இந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். செலவே இல்லாத சீர்திருத்தம்.

வாக்கே இல்லாத இருக்கையால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் உழைப்பவருக்கு மட்டும். ஆட்சிக்குழுவின் முன்னால் ஒரு தீர்மானம் வரும்போது அது பெரும்பாலும் வெந்துவிட்ட சோறு. அதற்கு முன் உட்குழுக்களில், பட்ஜெட் குழுவில், கல்லூரி ஆலோசனைக் குழுக்களில்தான் விஷயம் உருவாகிறது. கம்யூனிட்டி காலேஜ்களில் 1988இல் வந்த சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, மாணவர்களைக் கணிசமாகப் பாதிக்கும் விஷயங்களில் அவர்களைக் கலந்தாலோசித்தே முடிவெடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மதிப்பெண் முறை, ஒழுங்கு விதிகள், பாடத்திட்டம், புதுப் படிப்பு தொடங்குவது, இருப்பதை மூடுவது, பட்ஜெட் தயாரிப்பு நடைமுறை, மாணவர் சேவைகள், மாவட்டம் விதிக்கக்கூடிய கட்டணங்கள் எல்லாம் அதில் வரும். கலந்தாலோசிக்காமல் ஒரு படிப்பை மூட வந்தால், “இந்த விஷயம் மாணவர் அமைப்பின் பார்வைக்கு எப்போது வந்தது?” என்று மாணவ டிரஸ்டி மேசையிலிருந்து கேட்கலாம். தேதி சொல்ல முடியாவிட்டால் நிர்வாகம் பின்வாங்க வேண்டியிருக்கும். நன்றாக வேலை தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி இது.

கட்டடப் பத்திரம், அதாவது கல்லூரிக் கட்டடங்களுக்காக ஊர் வாக்காளர்களின் சம்மதத்தோடு வாங்கும் கடன், இன்னொரு இடம். 55 சதவீத வாக்கில் நிறைவேறும் பத்திரங்களின் செலவைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழுவில் ஒரு மாணவர் இருந்தாக வேண்டும். அந்த இருக்கை பல இடங்களில் யார் கவனத்துக்கும் வராமல் போகிறது. கோடிக்கணக்கான டாலர் எங்கே போகிறது என்று பார்க்கிற இருக்கை அது.

சரி, மாணவர் வாக்கால் முடிவு மாறியதுண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

தனியாக ஒரு மாணவ வாக்கு ஒரு பெரிய முடிவைப் புரட்டிப்போட்டது என்று உதாரணம் காட்ட என்னால் முடியாது. ஆனால் நெருக்கமான வாக்குகள் இருந்திருக்கின்றன.

1995 ஜூலையில் யூசி ரீஜென்ட்டுகள் மாணவர் சேர்க்கையில் இனம், பாலினம் பார்த்து முன்னுரிமை தருவதை நிறுத்தினார்கள். 14க்கு 10. மாணவ ரீஜென்ட் எதிர்த்து வாக்களித்தார். இரண்டு பேர் மறுபக்கம் போயிருந்தால் 12க்கு 12, தீர்மானம் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு வாக்கு அற்பமல்ல. அடுத்த ஆண்டே 209ஆம் முன்மொழிவு அதே தடையை மாநில அரசியலமைப்பில் ஏற்றிவிட்டது. ரீஜென்ட்டுகள் தங்கள் தீர்மானத்தை 2001 மே மாதம் ரத்து செய்தபோதும் அந்தத் தடை நின்றது.

2009 நவம்பரில் 32 சதவீதக் கட்டண உயர்வு. மாநில பட்ஜெட் சரிந்திருந்த காலம். இளநிலை மாணவரின் ஆண்டுக் கட்டணம் 10,000 டாலரைத் தாண்டியது. வெளியே வளாகங்களில் போராட்டம். மாணவ ரீஜென்ட் எதிர்த்தார், தீர்மானம் சுலபமாக நிறைவேறியது.

2020 மே மாதம் சேர்க்கையில் எஸ்ஏடி, ஏசிடி தேர்வுகளைக் கைவிடும் தீர்மானம் 23க்கு பூஜ்யம் என்று நிறைவேறியது. அதில் மாணவரும் குழுவும் ஒரே பக்கம்.

கால் ஸ்டேட்டில் 2023 செப்டம்பரில், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 6 சதவீத உயர்வு, 15க்கு 5. ஆண்டுக்கு 5,742 டாலராக இருந்த கட்டணம் இந்தத் திட்டப்படி 7,682 ஆகும். அந்தக் கணக்கை எந்த மாணவ வாக்காலும் மாற்றியிருக்க முடியாது. மாற்றியிருக்கக்கூடியவர்கள் அந்தப் பதினைந்து பேர், அவர்களிடம் மாதக்கணக்கில் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தையும் அந்தந்தப் போர்டுதான் வைக்கிறதா?

இல்லை. யூனிட்டுக்கு 46 டாலர் என்பது சட்டமன்றம் வைத்தது. அதற்காக மாவட்ட டிரஸ்டிகளோடு சண்டை போட்டுப் பயனில்லை.

மாணவ உறுப்பினர் மாணவர்களின் பிரதிநிதியா, இல்லையா?

சட்டத்தின் பார்வையில் யூசியின் மாணவ ரீஜென்ட் பிரதிநிதி அல்ல. எல்லா ரீஜென்ட்டுகளையும் போலவே முழுப் பல்கலைக்கழகத்துக்கும் பொறுப்பான அறங்காவலர். மருத்துவமனைகள், ஆய்வுக்கூடங்கள், ஓய்வூதிய நிதி எல்லாம் அவர் கவலைப்பட வேண்டியவை. மாணவர் சங்கம் இப்படி வாக்களி என்று கட்டளையிட முடியாது.

இதைக் கேட்டதும் பலர் சோர்ந்துபோகிறார்கள். சோர வேண்டியதில்லை. ஆளுநர் நியமித்த வழக்கறிஞரும் தொழிலதிபரும் தங்கள் அனுபவத்தை வைத்துத்தான் எது பல்கலைக்கழகத்துக்கு நல்லது என்று தீர்மானிக்கிறார்கள். மாணவரும் அதையே செய்கிறார். வாடகை கட்ட முடியாமல் காரில் தூங்கும் மாணவரைத் தெரிந்தவர் அந்த மேசையில் ஒருவராவது இருக்க வேண்டும். அதைச் சொல்வது முழுப் பல்கலைக்கழகத்தின் நலனைச் சொல்வதுதான்.

கட்டணம் கட்டுகிறவரே கட்டணத்தைப் பற்றி வாக்களிப்பது சுயநலம் ஆகாதா?

யூசி மாணவ ரீஜென்ட்டுக்குப் பதவிக் காலத்தில் கட்டணம் தள்ளுபடி என்று பார்த்தோம், அதனால் இந்த வாதம் அங்கேயே தளர்கிறது. மேலும் அவர் ஓரிரு ஆண்டில் படித்து முடித்துப் போகிறவர். உயர்வின் சுமை பெரும்பாலும் பின்னால் வருகிறவர்கள் தலையில். ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவர் அதைப் பற்றிப் பேசுவதைச் சுயநலம் என்று ஒதுக்கினால், பாதிக்கப்படாதவர்கள் மட்டும் முடிவெடுக்கும் குழுதான் மிஞ்சும்.

மற்ற மாநிலங்களில்?

எல்லா வகையும் இருக்கின்றன. புளோரிடாவில் ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்தின் 13 டிரஸ்டிகளில் ஒருவர் மாணவர் பேரவைத் தலைவர். மாணவர்கள் தேர்ந்தெடுத்தவர், வாக்கும் உண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐந்து வளாகங்களிலிருந்தும் தேர்வான ஐந்து மாணவர்கள் குழுவில் அமர்கிறார்கள். எந்த ஆண்டிலும் அவர்களில் இருவருக்கு வாக்கு. டெக்சஸில் 2005 சட்டத்தின்படி மாணவ ரீஜென்ட்டை ஆளுநர் நியமிக்கிறார், வாக்கும் கிடையாது. தேர்தலையும் வாக்கையும் ஒரே இருக்கையில் வைக்க முடியாது என்று கலிபோர்னியாவில் யாராவது சொன்னால் புளோரிடாவைக் காட்டுங்கள்.

எதை மாற்ற வேண்டும் என்கிறீர்கள்?

யூசியில் முன்னோட்ட ஆண்டிலும் வாக்கு தர வேண்டும். அப்படிச் செய்தால் எப்போதும் மாணவ வாக்கு இரண்டு. அரசியலமைப்பு ஒரு மாணவரைத்தான் அனுமதிக்கிறது என்பதால் இதற்கு மறுபடியும் வாக்காளர்களிடம் போக வேண்டும், கடினமான வழிதான். கால் ஸ்டேட்டில் சட்டத் திருத்தம் போதும்: ஏற்கெனவே இருவர் இருக்கிறார்கள், இருவருக்கும் வாக்கு கொடுத்தால் முடிந்தது. கம்யூனிட்டி காலேஜ்களில் தீர்மானம் கொண்டுவரும் உரிமையையும் ஆலோசனை வாக்கையும் மாவட்டங்களின் தயவுக்கு விடாமல் எல்லா இடத்துக்கும் பொதுவாக்க வேண்டும். உடனடியாக நடக்கக்கூடியது இந்த மூன்றாவதுதான்.

நான் மாணவ உறுப்பினர் அல்ல. கூட்டத்தில் நானும் பேச முடியுமா?

முடியும். யூசி, கால் ஸ்டேட் கூட்டங்களுக்கு மாநில அமைப்புகளுக்கான பாக்லி-கீன் சட்டம் பொருந்தும்: நிகழ்ச்சி நிரல் 10 நாள் முன்பே வெளியாக வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் மாவட்டங்களுக்கு பிரவுன் சட்டம்: வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு. இரண்டிலும் பொதுமக்கள் கருத்துக்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும். கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். எந்த எண்ணுள்ள தீர்மானத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஆதரவா எதிர்ப்பா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி நிரல் வந்த அன்றே மாணவ உறுப்பினருக்கு எழுதுங்கள். உங்கள் கேள்வியை நீங்களே மைக்கில் கேட்டால் பதில் சொல்ல யாரும் கடமைப்பட்டவரல்லர். அவர் மேசையிலிருந்து கேட்டால் அதிகாரி எழுந்து பதில் சொல்லியாக வேண்டும்.